கோடை மழையும் நாவல் தோப்பும்: கண்டதை எழுதுங்கள்

லால்குடி மருமகள்

கொள்ளிடம் படுகையில் என் மாமனாருக்கு நாவல் தோப்பு இருக்கிறது. மரம் பூத்ததுமே வியாபாரி வந்து பார்த்து முன்பணம் கொடுத்துவிடுவார். பறிப்பு எங்கள் பொறுப்பு, எடை அவர் கணக்கு. இந்த ஏற்பாடு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஓர் இரவு இடியோடு மழை கொட்டித் தீர்த்தது.

விடிந்ததும் பறித்துப் பெட்டிகளில் நிரப்பி வரப்பில் அடுக்கியிருந்தோம். வியாபாரி மேலே இருந்த பழங்களைப் பார்க்கவே இல்லை. கையைப் பெட்டியின் அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்தார். விரலிடுக்கில் சாறு ஒழுகியது. அதை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "பெரியவரே, இது தண்ணீர் குடித்த பழம். திருச்சி போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். பாதி விலைதான் தர முடியும்" என்றார். மாமா ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார். புழு இல்லை, சதை கெட்டியாக இருந்தது. வியாபாரி அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் தன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாய்க்காலில் கவிழ்த்தார். மேட்டூர் அணை திறக்காத நேரம், வாய்க்கால் வறண்டு கிடந்தது. அடித்துக்கொண்டு போகத் தண்ணீர் இல்லாததால் அத்தனை பழமும் எங்கள் கண் முன்னாலேயே குவிந்து கிடந்தது. மதியத்துக்குள் புளித்த வாடை வீடு வரை வந்துவிட்டது.

கிடைத்த விலைக்குக் கொடுத்திருக்கலாம் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். என்னை உறுத்துவது அதுவல்ல. அந்தக் கையில் ஒழுகிய சாறும் பொய்யில்லை, மாமா பிளந்து காட்டிய பழமும் பொய்யில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒரத்தநாடு செல்வன்

மழை பழத்தை மட்டுமா கெடுக்கிறது? நாவல் கட்டையைக் கிணற்றுக்குள் போட்டால் தண்ணீரிலேயே கிடந்தும் எளிதில் மக்காது. அதே மரத்தின் பச்சைக் கிளை ஆள் பாரம் தாங்காமல் முறியும். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மழைக்கு மறுநாள் ஏறினார். அவர் கால் வழுக்கவில்லை, கிளையே கையோடு வந்துவிட்டது. கீழே விரித்திருந்த தார்ப்பாயில் பழத்தின் மேலேயே விழுந்தார். சட்டை முழுவதும் கருஞ்சிவப்பு. அண்ணி ஓடி வந்து அந்தச் சட்டையைத் தொட்டு, தன் விரலை முகர்ந்து பார்த்தார். சாறுதான் என்று தெரிந்த பிறகுதான் அவர் வாயிலிருந்து அழுகை வந்தது. அந்த முகர்ந்த கணம் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

தோள் எலும்பு முறிந்தது. அந்தக் கோடை முழுவதும் அவருக்கு வேலை இல்லை. லால்குடி சகோதரி, ஒன்று கேட்கிறேன். அன்று கவிழ்த்த பெட்டிகளைப் பறித்தவர்களுக்குக் கூலி கிடைத்ததா?

மண்டிக்காரன்

வியாபாரியைக் கல்நெஞ்சக்காரராக்க வேண்டாம். மாம்பழம்போல் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க முடியாத பழம் இது. மரத்தில் கனிந்தால்தான் கனிவு, பறித்த பிறகு பழுக்காது. கனிந்ததைப் பறித்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். மழை பட்டால் அதுவும் கிடையாது. தோல் வெடித்துச் சாறு கசியும், மேல்பெட்டியின் பாரத்தில் அடிப்பெட்டி நசுங்கும். அதனால்தான் அவர் அடியில் கையை விட்டார். மேல் அடுக்கை மட்டும் நம்பி வாங்குபவன் மண்டியில் நிலைக்க மாட்டான்.

மழை பெய்த மறுநாள் ஒரு தோப்புக்காரரின் முகத்துக்காக முழு விலை கொடுத்துச் சரக்கு எடுத்தேன். அதை என்னிடம் கடனுக்கு வாங்கிப் போனவர் கூடை வைத்து விற்கும் பாட்டி. மறுநாள் விடிகாலையில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கூடையை என் காலடியில் இறக்கினார். மேலே போட்டிருந்த வாழை இலையை விலக்கினால் ஈ மொய்த்தது. "நீயே தின்று பார் தம்பி" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடனைத் தள்ளிவிட்டேன், ஆனால் அவர் போன பேருந்துக் காசும் போன நாளும் திரும்பி வருமா? தோப்புக்காரருக்கு ஒரு நஷ்டம் என்றால் வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு அன்றைய அடுப்பே எரியாது. பெரியவர் கவிழ்த்தது அவருடைய மானம், நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வியாபாரி சொன்ன விலை அநியாயமில்லை.

பாபநாசம் ஓய்வு பெற்றவன்

எங்கள் கொல்லை மரத்தில் ஒரு முறை பேத்தி பழத்தைக் கடித்துவிட்டு, உள்ளே நெளிந்த புழுவைப் பார்த்து அலறினாள். அன்றிலிருந்து அவள் நாவல் பழத்தைத் தொடுவதில்லை. என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியிருப்பவர்கள் மழையை மட்டும் குற்றம் சொல்கிறீர்கள். மழையைவிடப் பெரிய எதிரி பழ ஈ. கனியும் பழத்தில் ஊசி குத்துவதுபோல் முட்டையிடும், புழு உள்ளே வளரும், பழம் உதிர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், பிறகு ஈயாகி மறுபடி மரம் ஏறும். ஆகவே உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். வாய்க்காலில் கொட்டிய பழம்தான் அடுத்த பறிப்பின் புழு, லால்குடி அம்மாவின் மாமனார் இதைக் கவனிக்க வேண்டும். பறிப்பு முடிந்ததும் மரத்தடியைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், பறவை பொறுக்கும். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை இழுத்துக் கொல்லும். ஈயைக் குறைக்கத்தான் அது, முழுக்க ஒழிக்காது.

இனிப் புதிதாக நடுபவர்கள் விதைக் கன்று வைக்காதீர்கள். காய்க்க எட்டுப் பத்து ஆண்டு ஆகும், எந்தப் பழம் வரும் என்றும் சொல்ல முடியாது. ஒட்டுக் கன்று அதற்கு முன்பே காய்ப்புக்கு வரும். முப்பது அடி இடைவெளி விடுங்கள். சிறுவயதிலேயே நுனியைக் கிள்ளிக் கிள்ளி மரத்தைக் குட்டையாக வளர்த்தால் ஒரத்தநாடு தம்பி சொன்ன விபத்தும் நடக்காது, தரையில் நின்றே துறட்டியும் வலையும் கொண்டு பறிக்கலாம். விலை போகாத பழத்தின் கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், நாட்டு மருந்துக் கடைகள் வாங்கும். சர்க்கரை நோய்க்கு அந்தப் பொடியைச் சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வேதாரண்யம் மலர்

ஐயா, வணக்கம். ஒட்டுக் கன்று வை, விதைக் கன்று வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டீர்கள். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் கரை கடந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது எங்கள் பெரியம்மா வீட்டு நாவல் மரம் வேரோடு சாய்ந்து வாசலை அடைத்திருந்தது. தென்னை, மா, முந்திரி எல்லாம் போன ஊரில் ஒரு நாவல் மரத்துக்கு யார் அழுவார்கள்? பெரியம்மா அழுதார். மரம் அறுக்க வந்தவர்களை நிறுத்தி, கிளைக்கு அடியில் நசுங்காமல் நின்ற முழம் உயரக் கன்றைக் கையால் தோண்டி எடுத்தார். நகத்தில் மண்ணோடு அவர் நிமிர்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அது விதைக் கன்றுதான், எந்தப் பழம் வரும் என்று தெரியாதுதான். அதை வேண்டாம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

இந்தக் கோடையில் அது முதல்முறை பூத்தது. மழையில் பூ முழுவதும் கொட்டிவிட்டது.

லால்குடி மருமகள்

ஒரத்தநாடு தம்பிக்கு: கூலி அன்று மாலையே கொடுத்தோம், வீட்டில் இருந்த எள்ளை விற்றுக் கொடுத்தோம். மண்டிக்கார அண்ணனுக்கு: பாட்டியைப் பற்றி மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த அம்மாவை நான் நினைக்கவில்லை" என்றார். மழை பட்ட பழத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் நல்ல பழத்துக்காவது முழு விலை வருமா என்று கேட்கச் சொல்கிறார். பாபநாசம் ஐயா, பொறியை எப்போது கட்ட வேண்டும்?

மண்டிக்காரன்

வரும். ஆனால் ஈரத்தோடு அடைக்கக் கூடாது. நிழலில் விரித்து உலரவிட்டு, வெடித்ததைக் கழித்து, பெட்டியைப் பாதிதான் நிரப்ப வேண்டும். அப்படி ஒரு சுமை அனுப்பிப் பாருங்கள்.

பாபநாசம் ஓய்வு பெற்றவன்

காய் நிறம் மாறத் தொடங்கும் முன்பே கட்டுங்கள் அம்மா. மலர், உங்கள் பெரியம்மாவின் கன்றை அப்படியே விடுங்கள், அதற்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. மழை நின்றதும் அடியில் தண்ணீர் தேங்காமல் வடித்துவிட்டால் போதும்.