ஷூ டப்பாவில் துப்பாக்கி: டெக்சாஸ் கிளம்பும் நம்ம ஏரியா ஆட்களுக்கு

விடுமுறைக்கு வந்து, தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று சாயந்திரம் தெருப் பையன்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவன் அடுத்த மாதம் டல்லாஸ் கிளம்புகிறான். மனைவியும் நாலு வயதுப் பெண்ணும் கூடவே போகிறார்கள். வாடகை, கார், பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணா, அங்க வீட்டுக்கு வீடு துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமே, கொழந்தைய வெச்சிக்கினு எப்படி?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஹூஸ்டன் பக்கம் நான் இருக்கும் இந்தப் பதினான்கு வருஷத்தில், புதிதாக வருகிறவர்கள் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி இதுதான். அவனுக்கு மாடியில் சொன்னதைக் கொஞ்சம் கோர்வையாக இங்கே போடுகிறேன்.

நமக்குத் துப்பாக்கி என்றால் தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிக்கும் பொம்மை. இல்லையென்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல். அங்கே தூண்டிலும் கூடாரமும் விற்கும் கடையில், அடுத்த வரிசையிலேயே ரைஃபிள் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

முதலில் விசா விஷயம். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. இது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். டெக்சாஸாக இருந்தாலும் மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. அதில் நுழைவதற்கு முன் வக்கீலுக்குக் காசு கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் மீறினால் 15 வருஷம் வரை சிறை. சனிக்கிழமை டீம் ஆட்களோடு துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுட்டுப் போட்டோ போடுவதும் 'கையில் வைத்திருப்பதில்' சேர்ந்துவிடும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

ஆக, புதிதாகப் போகிறவருக்குச் சொந்தத் துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். கிரீன் கார்டு வாங்கிய மச்சான் வீட்டில் இரண்டு மாதம் தங்குவீர்கள், அங்கே இருக்கலாம். ஏழெட்டு வருஷம் கழித்து நீங்களே வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அது தேவையா இல்லையா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், என் வீட்டிலேயே அது இன்னும் முடியவில்லை. ஒரு பிஸ்டல். கிளாசெட்டின் மேல் தட்டில், பழைய ஷூ டப்பாவுக்குள் போட்டு, மேலே இரண்டு கம்பளியை மடித்து வைத்தேன். கடையில் கூடவே கொடுத்த பூட்டு, கவர் பிரிக்காமல் மேஜை டிராயரில் கிடந்தது. ஆறடி உயரத்தில் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. மூன்றாவது மாதம் ராத்திரி சாப்பிடும்போது என் ஏழு வயது மகள், ரசத்தைப் பிசைந்துகொண்டே, "அப்பா, மேல இருக்கிற ஷூ டப்பா ஏன் அவ்ளோ வெயிட்டா இருக்கு?" என்று கேட்டாள். திறக்கவில்லையாம். நாற்காலி போட்டு ஏறி, தூக்கிப் பார்த்ததோடு சரி. எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நம்ம பீரோ சாவி எங்க இருக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். முருகர் படத்துக்குப் பின்னால். பத்து வயதில் அந்தச் சாவியை எடுத்து, புடவைக்கு அடியில் இருந்த பணத்தில் கைவைத்து, கூட்டாளிகளோடு அகஸ்தியா தியேட்டருக்குப் போனவன் நான். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வளர்ந்த வீட்டில் ஒளித்து வைப்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. அது தெரிந்தும், நாலு பெட்ரூம் வீடு வந்ததும் மறந்துவிட்டேன்.

"என் பையன் தொட மாட்டான், சொல்லி வளர்த்திருக்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று. 2001இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து 29 குழுக்களாக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். டிராயரில் நிஜத் துப்பாக்கி, தோட்டா இல்லாமல். 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையை அழுத்தினான். கண்டெடுத்த பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே தெளிவாகத் தெரியவில்லை. அதனால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டுவது பெரியவர்கள் வேலை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது மூன்றே விஷயம்: தோட்டாவை எடுத்துவிட்டு வை, பூட்டி வை, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வை. வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

சரி, செலவு. ஆயிரம் டாலர் இரும்புப் பெட்டி வாங்கினால்தான் ஆச்சு என்று நினைத்து ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்கள் நிறைய. முதல் பூட்டு இலவசம். ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப் என்ற திட்டம் 1999இலிருந்து நடக்கிறது. நாடு முழுக்கப் பல போலீஸ் நிலையங்களிலும் ஷெரிஃப் அலுவலகங்களிலும் கேபிள் லாக் சும்மாவே கொடுக்கிறார்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். சைக்கிளுக்குப் போடும் வயர் பூட்டின் தம்பி மாதிரி இருக்கும். பிஸ்டல் என்றால், காலித் தோட்டா வெளியே தெறிக்கும் மேல் வாய் வழியாக வயரை விட்டு, மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) போகும் குழி வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். அப்போது மேகசினும் ஏறாது, ஸ்லைடும் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடாது.

பூட்டுவதற்கு முன் காலி பண்ணுவதில்தான் கவனம். மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குழலுக்குப் பின்னால், சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். மேகசினை எடுத்த பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்து, கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். விசைமேல் மாட்டும் டிரிகர் லாக் 10, 15 டாலருக்குக் கிடைக்கும். ஆனால் தோட்டா இருக்கும் துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது. மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம்.

கேபிளை ஒரு பெரிய கட்டர் இருந்தால் வெட்டிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் போதும், திருடனுக்குப் போதாது. அதனால் 30 முதல் 60 டாலருக்குள் ஒரு சின்ன இரும்பு லாக் பாக்ஸ் வாங்கி, கேபிள் போட்ட துப்பாக்கியை அதற்குள் வைப்பது என் பழக்கம். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட விட மாட்டார்கள். பெட்டியோடு வரும் வயரைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் சுற்றிப் பூட்டிவிடுங்கள். சொந்த வீடு என்றால் சுவருக்குள் இருக்கும் மரச் சட்டத்தில் திருகி வையுங்கள். வெறும் ஜிப்சம் பலகையில் திருகினால் கையோடு வந்துவிடும். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து துப்பாக்கிப் பெட்டிக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

தோட்டாவுக்குப் பழைய ராணுவத் தகர டப்பா, பூட்டு மாட்ட ஓட்டை இருப்பதாகப் பார்த்து வாங்கினால் 20 டாலர் ஆகும். என் டப்பாவில் தொங்குவது அப்பா வாங்கிய திண்டுக்கல் பூட்டு. இரண்டு சாவியும் என் கீ செயினிலும் ஆபீஸ் லாக்கரிலும் இருக்கின்றன. வீட்டில் எந்தப் படத்துக்குப் பின்னாலும் இல்லை.

கைரேகைப் பெட்டி பார்க்க ஜோராக இருக்கும், எனக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. 2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்டன, ஒரு 12 வயதுப் பையனின் சாவும் அதில் பேசப்பட்டது. அதையே வாங்குவதென்றால், வந்த அன்றைக்கே வீட்டில் இருக்கும் எல்லார் விரலையும் வைத்துச் சோதியுங்கள். எண் பூட்டு என்றால் பிள்ளையின் பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள். அவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

காரின் கிளவ் பாக்ஸ், தலையணைக்கு அடி, பிரிட்ஜ் மேல், கைப்பை: இதெல்லாம் வைக்கும் இடமே இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைத்தால், டெக்சாஸ் சட்டப்படி வைத்தவர்மேல் குற்றம். சுட்டு யாருக்காவது உயிர்போனாலோ பலத்த காயம் பட்டாலோ தண்டனை இன்னும் ஏறும்.

பிள்ளைகள் டீனேஜ் ஆகிவிட்டால் கதை வேறு. அங்கே பயம் விபத்து மட்டும் இல்லை. மார்க், காதல், பள்ளியில் கேலி என்று மனசு உடைந்து இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது. அப்படி ஒரு காலம் வந்தால் பூட்டையும் நம்பாதீர்கள், வீட்டைவிட்டே வெளியே அனுப்புங்கள். சில துப்பாக்கிக் கடைகளும் போலீஸ் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் எடுப்பார்கள், போன் பண்ண வெட்கப்பட வேண்டாம்.

இதை எழுதி முடிப்பதற்குள் நம்ம ஆட்களிடமிருந்து மூன்று கேள்விகள் வந்துவிட்டன.

பெரம்பூர்த் தங்கச்சி கேட்டது: மகளை வெள்ளைக்காரத் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது துப்பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது, தப்பாக நினைக்க மாட்டார்களா? நமக்கு இது கஷ்டம்தான், ஒருத்தர் வீட்டுக்குள் போய் பீரோவைத் திறந்து காட்டு என்பது போல. ஆனால் அங்கே அம்மாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். தனியாக அதை மட்டும் கேட்காதீர்கள். மகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்குக் கதவு இருக்கிறதா, துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா என்று வரிசையோடு வரிசையாக மெசேஜில் கேட்டுவிடுங்கள். பதில் இழுத்தால், "எங்க வீட்டுக்கு அனுப்புங்க, தோசை சுட்டுத் தரேன்" என்று முடித்துவிடலாம். என் மனைவி இப்படித்தான் கேட்பாள். இதுவரை ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டில் அன்றைக்கே பூட்டு வாங்கினார்கள்.

ராயபுரம் தம்பிக்கு: ரூம்மேட் குடியுரிமை உள்ளவர், துப்பாக்கி வைத்திருக்கிறார், நீ எச்-1பி. அவர் பெட்டியில் பூட்டி வைக்கட்டும், எண்ணும் சாவியும் அவரிடமே இருக்கட்டும். நீ தெரிந்துகொள்ளவே வேண்டாம். கணவருக்குக் கிரீன் கார்டு இருந்து மனைவிக்கு இன்னும் வராத வீட்டிலும், விசிட்டர் விசாவில் அப்பா அம்மா வந்து தங்கும் வீட்டிலும் இதையே செய்யுங்கள்.

கனடா போகிறவர் ஒருவர், அங்கே எப்படி என்று கேட்டார். அங்கே உரிமம் வாங்காமல் ஒன்றும் நடக்காது, சாதாரண ரைஃபிளைக்கூடத் தோட்டா எடுத்துப் பூட்டி வைப்பது சட்டம், கைத்துப்பாக்கி புதிதாக வாங்குவதையும் 2022 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தற்காப்புக்கு வேண்டும் என்று சொன்னால் உரிமமே கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது விவரமாக எழுதுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்கு வரும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் மீனம்பாக்கத்தில் ஸ்கேனில் தெரியும், அப்புறம் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, வக்கீல், தள்ளிப்போன டிக்கெட். இந்தத் தடவை கிளம்புவதற்கு முன் என் பெட்டியையும் மகள் ஸ்கூல் பையையும் தரையில் கவிழ்த்து உதறினேன். பென்சில் சீவலும் ஒரு புளிப்பு மிட்டாயும் விழுந்தன.