உவர்மலை வளவில் விழுந்து கிடந்த பல நிறக் குருவி எது?

உவர்மலைவாசி:
கள உறவுகளுக்கு வணக்கம். இன்று காலை ஆறரை மணியளவில், திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டு முற்றம் கூட்டப் போன அம்மா, விறாந்தையின் கண்ணாடி யன்னலுக்குக் கீழே ஒரு சிறிய பறவை ஒரு பக்க இறகைத் தளர விட்டபடி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு இருப்பதைக் கண்டு என்னை அழைத்தார். தோளில் மின்னிய நீலத்தைப் பார்த்து மீன்கொத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். அருகில் சென்று பார்த்தபோது அது வேறு ஏதோ பறவை என்று தெரிந்தது. முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், தொண்டை வெள்ளை, வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் தடித்த கறுப்புக் கோடு பிடரி வரை ஓடுகிறது. வாலோ இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டையாக உள்ளது.

இப்போது அதை ஒரு கடகத்தால் மூடி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டார் கூண்டில் வைத்து வளர்க்கலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இது என்ன பறவை, அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் விரைவாகக் கூறினால் உதவியாக இருக்கும்.

கடற்கரையோரம்:
தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் ஆறுமணிக் குருவிக்கே உரியவை. மீன்கொத்தி என்று மயங்குவது இயல்புதான். ஆனால் மீன்கொத்திக்கு அலகு நீளம், கால் மிகக் குட்டை. இதற்கு அலகு அளவானது. கால் நீண்டு உறுதியாக இருக்கும், ஏனெனில் இது தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டி, புழுவும் பூச்சியும் தின்று வாழும் பறவை.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடகத்தின் இடுக்குகளால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிவதால் அது மேலும் மிரளும். காற்றுப் போகச் சில துளைகள் இட்ட காட்போட் பெட்டி ஒன்றில் பழந்துணியை விரித்து, அதற்குள் வைத்து மூடி, பூனை நெருங்க முடியாத அமைதியான அறையில் விடுங்கள். இரக்கத்தினால் பலரும் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போய்ப் பறவை இறந்துவிடக்கூடும் என்பதால் தண்ணீரும் உணவும் புகட்ட வேண்டாம். ஓரிரு மணி நேரம் கழித்துப் பெட்டியைப் புதர் உள்ள இடத்திற்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மோதிய அதிர்ச்சி மட்டுமென்றால் தானாகவே போய்விடும். அப்போதும் இறகு தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்திற்கு அறிவியுங்கள்.

கூண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டம் பாதுகாக்கும் பறவை இது என்பது ஒருபுறம் இருக்க, அது எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி தொடங்கும் காலத்தில் ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே பறந்து, கடலையும் தாண்டி இங்கு இலங்கைக்கு வருகிறது. ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ள உடம்பு அது. இரவில் பறந்து களைத்து, விடியும் வேளையில் தரையிறங்கும்போது, மரத்தையும் வானத்தையும் காட்டும் கண்ணாடியை வெட்டவெளி என்று நம்பி மோதிவிடுகிறது. ஒக்ரோபர் மாதத்தில் இப்படி வீட்டுக்குள்ளும் விறாந்தையிலும் ஆறுமணிக் குருவி அகப்படுவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதுதான்.

தம்பலகாமத்தான்:
மேலே சொன்னதுடன் நான் முழுதும் உடன்படுகிறேன். பெயரைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். விடியற்காலையிலும் மாலையிலும் இரண்டு சுரத்தில் தெளிவாகச் சீழ்க்கை அடிப்பதனால்தான் இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். திருகோணமலையில் இக்குருவி தங்கும் காலம் முழுவதும் சூரியன் எழுவதும் மறைவதும் ஆறு மணியை ஒட்டியே நிகழ்வதால், பெயர் நமக்கு அப்படியே பொருந்துகிறது. சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள். தன் ஆடையை மயில் திருடிவிட்டது என்று அது முறையிடுவதாகச் சிங்களக் கிராமங்களில் ஒரு கதையும் உண்டு.

எங்கள் வளவில் கிணற்றடிக்குப் பின்னால் பலாச்சருகு குவிந்து கிடக்கும் மூலை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாரியில் அங்கு ஓர் ஆறுமணிக் குருவி வந்து தங்கி, சித்திரை வரை இருக்கும். ஒரே பறவைதானா என்று காலில் வளையம் இடாமல் கூற இயலாது. ஆனால் இடம் ஒன்றே. ஒரு நாள் யன்னலோரம் அசையாமல் இருந்து பார்த்தேன்: இரண்டு தத்துத் தத்தும், நிற்கும், தலையைச் சாய்க்கும், ஒரு சருகை அலகால் பிடித்துப் பக்கத்தில் வீசும், அடியில் நெளிவதைக் கொத்தும், குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைக்கும். பத்து நிமிடத்தில் அது நகர்ந்த தூரம் ஒரு பாயின் நீளம்கூட இராது. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒருவரிடம் வளவைத் துப்புரவு செய்யும் வேலையைக் கொடுத்திருந்தோம். அவர் அந்த மூலையையும் கூட்டி எரித்துவிட்டார். அந்த மாரியில் சீழ்க்கை கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கவலை அது.

மருதநிழல்:
தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு பழைய மீன்வலைத் துண்டைக் கட்டிவிடுங்கள், அல்லது நான்கு விரல் இடைவெளியில் நூல்களைத் தொங்கவிடுங்கள். உட்பக்கத் திரைச்சீலையால் பயன் குறைவு, ஏனெனில் வெளியே தெரியும் மரத்தின் பிம்பம் அதனால் மறையாது. பறவைகள் வலசை வரும் இக்காலம் முடியும் வரை முற்றத்து விளக்கையும் இரவில் அணைத்து வைப்பது நல்லது. இதேபோல் வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான் பறவைகள் நிலாவெளி உப்பளப் பக்கம் மின்கம்பிகளில் வந்து அமரத் தொடங்கிவிட்டன. ஆகவே இன்னும் பல பறவைகள் வழியில் இருக்கும் காலம் இது. திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் வருகிறதா என்று பார்க்க அது உதவும்.

உவர்மலைவாசி:
அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் கூறியவாறே பெட்டியில் வைத்து, ஒன்பது மணிக்கு வளவின் பின்பக்கம் மாமரத்தடியில் திறந்தேன். முதலில் அசையவே இல்லை. பிறகு பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று, இறகை விரித்தபோது அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது; தாழப் பறந்து வேலியோரத்து நாயுண்ணிப் பற்றைக்குள் மறைந்துவிட்டது. இறகில் குறை ஏதும் தெரியவில்லை. பக்கத்து வீட்டாரும் வந்து நின்று பார்த்தார். இமயமலைக் கதையைக் கேட்ட பின் அவர் கூண்டைப் பற்றிப் பேசவில்லை.

அப்பா சனிக்கிழமை எரிக்க வைத்திருந்த சருகுக் குவியலை மாமரத்தடியிலேயே பரப்பிவிட்டோம். கண்ணாடிக்கு வலை கட்டியாயிற்று. மாலை ஐந்து ஐம்பதுக்கு வேலிப் பக்கமிருந்து இரண்டு சுரச் சீழ்க்கை நான்கு முறை கேட்டது. அம்மாதான் முதலில் கேட்டார்.