கொரோமாவின் புனிதத் துணிகள்: விற்றது விற்றதுதானா?

மலைநெசவு: பொலிவியாவின் பொத்தோசி பகுதியில் கொரோமா என்ற ஊர் இருக்கிறது, ஐமாரா என்ற பழங்குடி மக்களின் ஊர். முன்னோர் உடுத்திய ஆடைகளை அங்கே மூட்டைகளாகக் கட்டிப் பல தலைமுறைகளாகக் காத்து வந்தார்கள். நவம்பர் 1-ல் நடக்கும் திருவிழாவில் மட்டும் அவற்றை வெளியே எடுப்பார்கள். 1980-களில் வெளிநாட்டு வணிகர்கள் பலவற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். 1988-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி ஒன்றின் அஞ்சலட்டைப் படத்தில் அந்தத் துணிகள் தெரிந்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 1992-ல் ஏறத்தாழ ஐம்பது துணிகள் திரும்பின. மீதியும் திரும்ப வேண்டும் என்கிறேன்.

செல்வராசு: கொடுத்தவர்கள் காசு வாங்கித்தானே கொடுத்தார்கள்? 1983 வாக்கில் மேட்டுநிலம் முழுக்கக் கடும் வறட்சி. பசித்தவன் விற்றதை இன்று திருட்டு என்பது சரியா? வாங்கியவர்கள் பூச்சி அரிக்காமல், வெயில் படாமல் வைத்திருக்கிறார்கள்.

மலைநெசவு: விற்றவர் அதற்கு உரிமையாளரே இல்லையே, நண்பரே. மூட்டை அந்தச் சமூகத்துக்கே பொது. பொறுப்பில் இருப்பவர் காவல்காரர் மட்டும்தான். வறட்சியில் தவித்த ஒருவரிடம் ரகசியமாகப் பணம் நீட்டியதை வியாபாரம் என்று நான் சொல்ல மாட்டேன். அதோடு, அந்த ஆடைகளில் முன்னோரின் உயிர் தங்கியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. முக்கிய முடிவுகளுக்கு முன் அவற்றிடம் கேட்பார்கள். மூட்டை போனால் ஊர் யாரிடம் கேட்கும்?

தறிப்பாட்டு: நெசவையும் கொஞ்சம் பாருங்கள். தரையில் நான்கு முளை அடித்து, பாவு நூலை இழுத்துக் கட்டி, லாமா எலும்பால் ஊடை (குறுக்கு) நூலை நெருக்கித் தட்டி நெய்கிறார்கள். நான்கு பக்கமும் நெய்த கரையோடு முழுத்துணியாக வெளிவரும், எந்த ஓரத்திலும் வெட்டு இருக்காது. தீமை அண்டாமல் இருக்கச் சில இழைகளை இடப்புறமாக முறுக்குவதும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துணியில் இதை யார் கற்றுக்கொள்வது?

செல்வராசு: இன்று பொலிவியாவின் லா பாஸ் நகரச் சந்தையில் அவாயு துணி, அதாவது பெண்கள் முதுகில் சுமை கட்டும் வண்ணத்துணி, குவிந்து கிடக்கிறது. நெசவு அழியவில்லையே! அப்படியிருக்க, பழையதையெல்லாம் எதற்குத் திருப்பிக் கேட்க வேண்டும்?

மலைநெசவு: சந்தை அவாயுவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தாராளமாக வாங்குங்கள். அது விற்பதற்காக நெய்தது. மூட்டைக்குள் இருந்தது அப்படியல்ல. 1989-ல் அமெரிக்காவே கொரோமா துணிகளின் இறக்குமதிக்கு அவசரத் தடை விதித்தது. தனியார் வீடுகளில் இன்னும் இருப்பவற்றை முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதற்கு உடன்படுகிறீர்களா?

செல்வராசு: கணக்கெடுப்புக்குச் சரி. நல்ல எண்ணத்தில் வாங்கியவருக்கு இழப்பீடு தராமல் பறிப்பதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.