விருந்துக்கு மாட்டு விலா எலும்பு எத்தனை கிலோ வாங்கலாம்?

திருகோணமலை, கிண்ணியா பக்கம் சமையல் தெரிந்த சகோதர சகோதரிகளே, ஒரு கணக்குச் சொல்லுங்கள். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு உப்புவெளி வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள், பெரியவர்கள் 14 பேர், பிள்ளைகள் 6 பேர். போயா அன்று இறைச்சிக்கடை பூட்டு, அதனால் முதல் நாளே வாங்கியாக வேண்டும். குறைந்தால் ஓடிப்போய் வாங்க வழியே இல்லை.

தனி இறைச்சி என்றால் ஆளுக்கு 200 கிராம் போதும். ஆனால் இந்த முறை சதை பிடித்த விலா எலும்பாக வாங்கி, சின்ன நெருப்பில் 3 மணி நேரமாவது வேகவிட்டு, சதை எலும்பை விட்டுக் கழன்று வருகிற மாதிரி சமைக்க ஆசை. எலும்பு, கொழுப்பு, வேகும்போது சுருங்குவது எல்லாம் போனால் கிட்டத்தட்ட பாதிதான் தட்டுக்கு வரும். அப்படிப் பார்த்துப் பெரியவருக்கு 400, பிள்ளைக்கு 200 கிராம் போட்டால் 6.8 கிலோ வருகிறது. நெய்ச்சோறும் கோழிப் பொரியலும் கத்தரிக்காய் மோஜுவும் இருக்கும்போது 5 கிலோ தாராளம் என்கிறார் மாமி. எனக்கு மனம் கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்கிறவருக்கு வெறும் குழம்பையா ஊற்றுவது?

விலா எலும்பே சமைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், 5 போதுமா, 7 வேண்டுமா? அப்புறம், முதல் நாள் இரவே சமைத்து வைத்தால் மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுக்கலாம், ஆனால் மறுநாள் சூடாக்கும்போது சதை உதிர்ந்துவிடுமா? கடைக்காரரிடம் துண்டு என்ன அளவில் வெட்டச் சொல்வீர்கள்?