அமெரிக்கச் சரக்கு ரயில்கள் ஏன் இன்னும் டீசலில் ஓடுகின்றன?

கேள்வி:
சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ எல்லா ரயில் பாதைகளும் மின்மயமாகிவிட்டன. இந்தியாவின் அகலப்பாதையும் அந்த நிலையை நெருங்கிவிட்டது. ஆனால் உலகிலேயே மிக நீண்ட ரயில் வலையமைப்பைக் கொண்ட அமெரிக்காவில், மின்மயமான பாதை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அங்கே கன்டெய்னர்களை இரண்டு அடுக்காக ஏற்றுவதால் மின்கம்பி கட்ட உயரம் போதாது என்று படித்தேன். காரணம் அதுதானா?

பதில் 1:
உயரம் தீராத தடை அல்ல. 2021 ஜனவரியில், இந்தியாவின் மேற்குச் சரக்கு வழித்தடத்தின் ரேவாரி–மதார் பகுதியில், இரண்டு அடுக்குக் கன்டெய்னர்கள் ஏற்றிய ஒன்றரை கிலோமீட்டர் நீள ரயிலை மின்சார எஞ்சின்தான் இழுத்துச் சென்றது. கம்பியை வழக்கத்தைவிட உயர்த்திக் கட்டி, அதை எட்டும் பான்டோகிராஃபை (கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டத்தை) எஞ்சினில் பொருத்தியிருந்தார்கள். அமெரிக்காவின் பழைய சுரங்கங்களில் இதற்குச் செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை.

தண்டவாளம் யாருடையது என்பதே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். அங்கே பெரும்பாலான பாதைகள் தனியார் சரக்கு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. டீசல் எஞ்சினைத் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்; கம்பம், கம்பி, துணைமின் நிலையம் ஆகியவற்றுக்கோ முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே பெருந்தொகையை முடக்கியாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் அந்தத் தொகையை அரசு ரயில்வே போட்டது. முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்காமல் தவித்த அந்நாடு, மலையாறுகளில் மின்சாரம் எடுத்து, 1920களின் தொடக்கத்திலேயே ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கோத்தார்டு பாதையை மின்மயமாக்கியது.

பதில் 2:
அமெரிக்காவுக்கு இது தெரியாத தொழில்நுட்பமும் அல்ல. மில்வாக்கி ரோடு என்ற தனியார் நிறுவனம் 1915 முதல் ராக்கி, காஸ்கேட் மலைகளின் குறுக்கே சுமார் 1,050 கி.மீ. பாதையை மின்மயமாக்கியது. சரிவில் இறங்கும் ரயிலின் மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தர, எதிரே மலையேறும் ரயில் அதை எடுத்துக்கொண்டது. இவ்வளவு அருமையான ஏற்பாட்டை, எண்ணெய் விலை எகிறிய மறு ஆண்டே, 1974 ஜூனில் நிறுத்தி, செம்புக் கம்பியைக் கழற்றி விற்றார்கள். 1977இல் நிறுவனம் நொடித்தது. 1980இல் அந்த மேற்குப் பாதையே கைவிடப்பட்டது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 2024இல் சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே புறநகர்ப் பாதை 25,000 வோல்ட் மின்சாரத்துக்கு மாறியதே, அதற்கும் இந்த விளக்கம் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தும். அந்தப் பாதையை மூன்று மாவட்டங்களின் கூட்டு வாரியம் 1991இலேயே தனியார் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டது.