குக்ரி: நடுவில் கடினம், நுனியில் மெது. ஏமாந்துவிட்டேனா?

போன வருடம் காத்மாண்டு போனபோது தமேல் கடைத்தெருவில் ஒரு குக்ரி (நேபாளத்து வளைந்த கத்தி) வாங்கினேன். பத்து அங்குல அலகு, எருமைக்கொம்புப் பிடி, உறைக்குள் கர்தா, சக்மக் என்று இரண்டு குட்டிக் கத்திகள். கையால் அடித்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நேற்று சும்மா இருக்காமல் அரத்தை எடுத்து வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், தேய்த்துப் பார்த்தேன். நடு வயிற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது, நுனியிலும் பிடியை ஒட்டிய பகுதியிலும் நன்றாகவே கடிக்கிறது, முதுகு இன்னும் மெது. மட்டமான இரும்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பழைய இரும்பு:
இல்லை, நல்ல சேதிதான். அங்கே காமிகள் என்ற கொல்லர்கள் (விஸ்வகர்மா என்றும் சொல்வார்கள்) துவைச்சல் போடும், அதாவது பழுத்த இரும்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கும் விதமே வேறு. பழுத்த அலகை அப்படியே தொட்டியில் முக்குவதில்லை, கெட்டிலில் தண்ணீர் எடுத்து வாய்ப்பக்கத்தில் மட்டும் மூக்கு வழியாக ஊற்றிக்கொண்டே போவார்கள், அதிலும் வெட்டு விழுகிற வயிற்றுக்குத்தான் அதிகம். முதுகில் தேங்கியிருக்கும் சூடு மெல்ல ஆறுவதால் அது மென்மையாகவே நின்றுவிடும், ஓங்கிப் போட்டாலும் பட்டென்று முறியாது. இரும்பு பெரும்பாலும் பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்தான், அதை மட்டம் என்று சொல்ல மாட்டேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கடினமாக இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். சரி, அரத்தைக் கீழே வையுங்கள், ஒருமுறை பார்த்தது போதும்.

மலைப்பாதை:
மேலே சொன்னது சரி. முதுகின் கனத்தையும் பாருங்கள், பிடிப்பக்கம் தடித்து நுனிக்கு வரவர மெலியும். அலங்காரத்துக்கு விற்கும் தகடு அடி முதல் நுனி வரை ஒரே கனம். ஒல்லியாக நீண்டிருந்தால் சிருபாதே, சிரு என்ற புல்லின் இலை மாதிரி என்பதால் அந்தப் பெயர். அகலமாகக் கனமாக இருந்தால் போஜ்புரே, கிழக்கு மலையில் உள்ள போஜ்பூரின் பெயரில். அப்புறம் ஒன்று, உருவும்போது உறையில் அலகின் வெட்டும் விளிம்பு இருக்கும் பக்கம் விரல் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது இரண்டு மரத்துண்டு, மேலே தோல், அவ்வளவுதான். அலகு இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். என் இடது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அப்பாடா. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக்கூடாதாமே? பிடியும் லேசாக ஆடுகிறது.

பழைய இரும்பு:
ரத்தக் கதை சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வது. கிராமத்தில் அதே குக்ரியால்தான் விறகு பிளக்கிறார்கள், காய் நறுக்குகிறார்கள், தசைன் பண்டிகைக்குக் கிடாவும் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு காய்க்கும் விரலைக் கீறிக்கொண்டிருந்தால் சமையல் நடக்குமா! பிடி ஆடுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் லாஹா, அரக்கு மாதிரி ஒரு பிசின். சூட்டில் இளகும், அதனால் வெயில் படும் ஜன்னலில் வைக்க வேண்டாம். முழுதாகக் கழன்றால் பிடிக்குள் போகும் அலகின் காம்பைச் சூடாக்கி மறுபடி ஒட்டலாம், வயிற்றில் மட்டும் சூடு ஏறக்கூடாது, துவைச்சல் போய்விடும். மாதக்கணக்கில் வைப்பதானால் எண்ணெய் தடவி உறைக்கு வெளியே வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஓரமாக ஒருவன்:
பழசு மேல் ஆசை வந்துவிட்டால் ஒன்று. காத்மாண்டில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை ஆயுதக்கிடங்கில் கிடந்த நேபாள ராணுவத்தின் பழைய ஆயுதங்கள் 2003 வாக்கில் மொத்தமாக விலை பேசப்பட்டு வெளியே வந்தன, அதில் குக்ரிகளும் உண்டு. சிலவற்றின் முதுகில் தேவநாகரி எழுத்து பொறித்திருக்கும். பழைய அலகில் படிந்த கறுப்பைப் பளபளவென்று தேய்த்து எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, எழுத்தும் கூடவே போய்விடும். காத்மாண்டு சாவுனியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் கோர்க்கா அரசர் திரவிய ஷாவுடையது என்று ஒரு குக்ரி இருக்கிறது. அவர் அரசரானது 1559இல். யார் வைத்திருந்தார் என்று தெரிகிறது, அடித்த காமியின் பெயர் எங்கே? 1963இல் சட்டம் மாறும்வரை தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

கேள்வி கேட்டவர்:
என்னுடையதை யார் அடித்தார் என்று கடையில் கேட்கவே இல்லை. உறையில் இருக்கும் குட்டிக் கத்தி கர்தாவைத் தீட்டலாமா?

பழைய இரும்பு:
தாராளமாக. சக்மக்குக்கு மட்டும் கூர் கிடையாது, அது வாயைத் தட்டிச் சீராக்கவும் கல்லில் உரசித் தீப்பொறி எடுக்கவும்.