பிரசவ பயம்: 39 வாரத்தில் நானாகவே சிசேரியன் கேட்கலாமா?

கேள்வி – முதல்பிள்ளை31

இப்போ 31 வாரம், முதல் பிள்ளை. ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்கு. தலை கீழே, நஞ்சுக்கொடி மேலே. சுகப்பிரசவத்துக்குத் தடை ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா லேபர் வார்டுன்னு நினைச்சாலே கை கால் சில்லிட்டுப் போகுது, ராத்திரி தூக்கம் இல்ல. உள் பரிசோதனைன்னா உடம்பே இறுகிடுது. பேசாம சிசேரியனே கேட்டு வாங்கிக்கலாமா? அம்மா கத்தி படாம பெத்துக்கோங்கிறாங்க. மாமியார், நல்ல நாள் நட்சத்திரம் பார்த்து 37 வாரத்துலயே எடுத்துடலாம்ங்கிறாங்க. தயவுசெஞ்சு யாரும் அனுபவக் கதை சொல்லாதீங்க, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பயமே வந்துச்சு. எதுல என்ன நடக்கும், எங்க சிக்கல் வரும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1 – மகப்பேறு மருத்துவர்

கேட்கலாம். இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் டோக்கோபோபியா என்று பெயர். அது கோழைத்தனம் அல்ல. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: முதலில் உட்கார்ந்து பேச வேண்டும், மனநல உதவி கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணால் சுகப்பிரசவத்தை ஏற்க முடியவில்லை என்றால் சிசேரியனுக்கு வழி செய்ய வேண்டும்.

முதலில் 37 வாரப் பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். கருவில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலியின்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்சச் சொல்லி நுரையீரலுக்குக் கட்டளையிடுகின்றன. வலியே வராமல், அதுவும் 37-இல் எடுத்தால், நீர் தங்கி மூச்சு வாங்கும். குழந்தை ஓரிரு நாள் என்ஐசியுவில், அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், இருக்க நேரலாம். காரணம் எதுவும் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் செய்யக் கூடாது என்பது இதனால்தான். நல்ல நேரம் பார்ப்பதானால் 39-க்கும் 40-க்கும் நடுவே பார்க்கட்டும். வாரக் கணக்கை முதல் மூன்று மாத ஸ்கேனிலிருந்து எடுங்கள். கடைசி ஸ்கேன் காட்டும் தேதி இரண்டு வாரம்கூடத் தள்ளிப் போகும்.

அடுத்த கேள்வி: எத்தனை பிள்ளை வேண்டும்? எல்லோரும் முதலில் வலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கணக்கில் முடிவை மாற்ற வேண்டியது இந்தக் கேள்விதான். முதல் சிசேரியனில் ஆபத்து குறைவு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே அமைந்து, பழைய தழும்பின் மேல் வேர் பிடித்தால்தான் பெரிய ஆபத்து. அப்போது அதைப் பிரிக்க முடியாமல் ரத்தம் கொட்டும், கருப்பையையே எடுக்க நேரலாம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சு கீழே இருக்கும் பெண்களில் இப்படி வேர் பிடிப்பது, முன்பு ஒரு சிசேரியன் ஆனவருக்கு 11 சதவீதம், இரண்டு ஆனவருக்கு 40 சதவீதம், மூன்று ஆனவருக்கு 61 சதவீதம். ஒரே பிள்ளை போதும் என்றால் இந்தக் கணக்கு உங்களைத் தொடாது. மூன்று வேண்டும் என்றால் பயத்துக்கு வேறு வழி தேடுவதே நல்லது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். நிறைய நடக்கிறது என்பதால் அது சின்ன ஆபரேஷன் ஆகிவிடாது. தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்று உள்ளுறை, கருப்பை என அத்தனையையும் திறந்து மூடுகிறோம்.

சுகப்பிரசவத்தின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பிரசவத்தில் நூறில் சுமார் ஆறு பேருக்கு ஆசனவாய்த் தசை வரை கிழிசல் போகலாம். பிறகு சிறுநீர்க் கசிவு, கருப்பை இறக்கம் வரும் வாய்ப்பும் சிசேரியனைவிடக் கூடுதல். கிழிசலைக் குறைக்க வழி உண்டு: 35 வாரத்திலிருந்து பெரினியத்தை (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதி) எண்ணெய் தடவி நீவுவது, முக்கும் கட்டத்தில் வெந்நீர் ஒத்தடம், தலை வெளிவரும்போது அவசரமில்லாமல் கையால் தாங்குவது. பிறப்புறுப்பு வாயை அகலமாக்கப் போடும் எபிசியாட்டமி வெட்டு எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டியது இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்கள் மருத்துவர் எப்போது போடுவார் என்று இப்போதே கேளுங்கள்.

பதில் 2 – மயக்க மருந்து நிபுணர்

பயம் வலியின் மேல்தான் என்றால், சிசேரியனுக்கும் வெறும் வலிக்கும் நடுவே எபிடூரல் இருக்கிறது. இடுப்புக்கு மேல் முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, நூல் போன்ற குழாய் ஒன்றை உள்ளே விட்டு ஒட்டிவிடுவோம். அதன் வழியே 0.1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான புபிவக்கைன் என்ற மரத்துப்போகும் மருந்து, கூடவே கொஞ்சம் ஃபென்டனில் என்ற வலிநீக்கி. 20 நிமிடத்தில் வலி இறங்கும். இறுக்கம் தெரியும், காலையும் அசைக்கலாம். முக்கும் கட்டம் கொஞ்சம் நீளும். ஆனால் எபிடூரலால் சிசேரியன் ஆகும் வாய்ப்பு அதிகரிக்காது. ‘முதுகு ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி’ என்ற பேச்சுக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. நூறில் ஒருவருக்கு உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரலாம், அதற்கு மருத்துவம் உண்டு.

உங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். நடுவில் சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் மருந்தைக் கூட்டினால் போதும். புது ஊசி வேண்டாம், முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது.

எபிடூரல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ‘உங்களிடம் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘இரவு 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் ஆஸ்பத்திரிக்குள் இருப்பாரா’ என்று கேளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் எனாக்ஸபரின் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடுப்பு அளவு என்றால் கடைசி ஊசிக்குப் பின் 12 மணி நேரம், முழு அளவு என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் முதுகில் ஊசி போடுவோம்.

திட்டமிட்ட சிசேரியன் என்றால்: 6 மணி நேரம் முன்பே சாப்பாடு நிறுத்தம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. முதுகில் ஒரே ஊசி, சில நிமிடத்தில் மார்புக்குக் கீழ் மரத்துப்போகும். ரத்த அழுத்தம் இறங்குவதால் குமட்டல் வரும், உடனே சொன்னால் மருந்து கொடுத்து ஏற்றிவிடுவோம். உடம்பு நடுங்கும், அது ஆபத்தில்லை. வலி தெரியாது. ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். இதை யாரும் முன்பே சொல்லாததால்தான் பலர் மேஜையில் பதறிப்போகிறார்கள். குழந்தை சுமார் 10 நிமிடத்தில் வெளியே வந்துவிடும், தையல் முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

பதில் 3 – லேபர் வார்டு செவிலியர்

உள் பரிசோதனை பத்தி யாரும் சொல்லலியே, அதைச் சொல்றேன்மா. வலி சரியா பிடிச்ச பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும். பெண் டாக்டர்தான் வேணும், ஒருத்தரே பார்க்கணும், ‘நிறுத்துங்க’ன்னா கையை எடுக்கணும்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. பார்க்கிறப்போ இடுப்பைத் தூக்காம, குதிகாலைச் சேர்த்து முட்டியை விரிச்சு, மூச்சை வாய் வழியா மெதுவா விடுங்க. மூச்சை அடக்கினா அடித்தசை இறுகி இன்னும் வலிக்கும். உள்ளே விரிச்சுப் பார்க்கிற கருவியான ஸ்பெகுலம் வைக்கணும்னா நீங்களே வைச்சுக்கிறேன்னு கேக்கலாம், தப்பில்ல.

இன்னொண்ணு, கருப்பை வாய் 5 செ.மீ. திறக்கிற வரைக்கும் அது ஆரம்ப வலிதான். அது எத்தனை மணி நேரம்னு கணக்கில்ல, முதல் பிள்ளைக்கு நாள் முழுக்கக்கூட ஓடும். ‘ஒரு மணிக்கு ஒரு செ.மீ. திறக்கலியே’ன்னு பயந்துக்காதீங்க, அந்தக் கணக்கை உலக சுகாதார நிறுவனமே 2018-ல விட்டுடுச்சு. 5-க்கு மேல போனா முதல் பிள்ளைக்கு பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள்ள முழுசா திறந்துடும். கூட ஒரு ஆளை விடுவாங்களான்னு கேட்டு வைங்க. அம்மாவோ அத்தையோ, அழாத ஆளா பார்த்துக் கூட்டிட்டுப் போங்க.

சிசேரியன்னா மறுநாளே எழுப்பி நடக்க வைப்போம், காலில் ரத்தம் கட்டாம இருக்கத்தான். பச்சை உடம்புன்னு தண்ணியை நிறுத்த வேண்டாம். குழந்தையை விடக் கனமானதை 6 வாரத்துக்குத் தூக்கக் கூடாது. பால் கொடுக்கிறப்போ குழந்தையை அக்குள் பக்கம் இடுக்கிப் பிடிச்சா தையல் மேல பாரம் வராது.

முதல்பிள்ளை31

ரொம்ப நன்றி. எழுதிப் பார்த்தேன்: வலி ரெண்டாவதுதான். முதல் பயம், என்னைக் கேக்காம என் உடம்புல யாரோ எதையோ செய்வாங்கங்கிறது. ரெண்டு பிள்ளை வேணும்னு நினைக்கிறோம். 39-க்குத் தேதி குறிச்ச பிறகு அதுக்கு முன்னாடியே வலி வந்துட்டா?

பதில் 4 – மகப்பேறு மருத்துவர்

வரும். தேதி குறித்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அப்போது என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்: நேராக சிசேரியனா, அல்லது 6, 7 செ.மீ. திறந்திருந்தால் எபிடூரல் போட்டுத் தொடரலாமா?

உங்கள் முதல் பயத்துக்குக் கத்தி மருந்தல்ல, பேச்சுதான் மருந்து. சிசேரியன் மேஜையிலும் உங்கள் உடம்பு மற்றவர் கையில்தான் இருக்கும். 32, 33 வாரத்திலேயே மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். பயத்துக்கான நடத்தைச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் வேண்டும், 38-இல் தொடங்கினால் நேரம் போதாது. உள் பரிசோதனைக்கு உடம்பு இறுகுவதன் பின்னால் பழைய காயம் ஏதும் இருந்தால் அவரிடம் மட்டும் சொன்னால் போதும், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பிள்ளை என்பதால் எந்தப் பக்கமும் உங்களுக்கு மூடவில்லை. முதலில் சிசேரியன் ஆனாலும் இரண்டாவதைச் சுகப்பிரசவமாக முயலலாம். முயல்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு நடக்கிறது, தழும்பு பிரியும் ஆபத்து சுமார் இருநூறில் ஒருவருக்கு.

36 வாரச் சந்திப்பில் முடிவைச் சொல்லி, கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்: ‘கடுமையான பிரசவ பயம், தொடுமுன் சொல்லவும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும், எபிடூரல் வேண்டும்’, அல்லது ‘39 வாரத்தில் சிசேரியன், முன்பே வலி வந்தால் இன்னது’. அன்று ராத்திரி டியூட்டியில் இருக்கும் மருத்துவர் உங்களை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவராக இருக்கலாம். வலியோடு போகும் உங்களால் அந்த நேரத்தில் இதையெல்லாம் விளக்க முடியாது.